சட்டப் பேராசிரியர் பொல்லாக்

லிவர்ப்பூல் இங்கிலாந்து நாட்டின் பெருந்துறைமுகங்களுள் ஒன்று. அந்நகரத்துத் தெருவொன்றில் ஒருநாள் ஒருவர் நடந்து சென்றுகொண்டிருந்தார். வழியில் மாவு வாணிகர் ஒருவரின் கடை இருந்தது. அக்கடையின் மேல்மாடிச் சாளரத்திலிருந்து மாவுப் பீப்பாய் ஒன்று வீழ்ந்து அவரைத் தாக்கியது. கடுங்காயமுற்ற அவர், வாணிகர்மீது வழக்குத் தொடுத்தார். பீப்பாய் எவ்வாறு வீழ்ந்தது, எவருடைய கவனக்குறைவால் வீழ்ந்தது என்பவற்றை அவரால் மெய்ப்பிக்க இயலவில்லை. ஆகவே, வழக்கு முதலில் தள்ளுபடியாயிற்று. 1863-ஆம் ஆண்டில் மேல்மன்றத்தில் அதனை ஆராய்ந்த தலைமை நீதிபதி வேறு முடிவுக்கு வந்தார். காப்போர் விழிப்புடன் இருந்தால் பீப்பாய்கள் தாமாகத் தெருவில் வந்து விழுவதில்லை. வீழ்ந்த நிகழ்ச்சியே கவனக்குறைவுக்குச் சான்று. தம்மிடம் தவறில்லையெனில் அதனைக் காட்டவேண்டியவர் வாணிகரே என்று அவர் தீர்ப்பளித்தார்.

அவ்வழிப்போக்கருக்கும் வாணிகருக்கும் இடையே ஒப்பந்தம் ஏதும் இல்லை. வாணிகர் களவோ கொலையோ செய்தவரும் அல்லர். ஆயினும், ஒருவர் பக்கத்துக் கவனக்குறைவால் மற்றொருவர் துன்புற்றார். அத்துன்பத்துக்கு ஈடு செய்யவேண்டியவர் யார்? இத்தகைய வினாக்களுக்கு விடை கூறும் சட்டப்பகுதியே தீங்கியல் சட்டம். பிறர் நிலத்தில் அத்துமீறி நுழைதல், அவதூறு பேசுதல், வஞ்சித்தல், அண்டை வீட்டார்க்குத் தொல்லை விளைத்தல், கவனமின்றி ஊறு செய்தல் ஆகியவை எல்லாம் அதன்பாற்படும். இன்று சட்டக் கல்லூரிகளில் ஒழுங்குறக் கற்பிக்கப்படும் இப்பகுதி, அந்நாளில் தனித்துறையாக மதிக்கப்படவில்லை. பல நூற்றாண்டுத் தீர்ப்புத் தொகுதிகளில் அது சிதறிக் கிடந்தது. அவ்வாறு கிடந்தவற்றைத் தொகுத்து, அவற்றினூடே ஓடும் கொள்கையைக் காட்டிய அறிஞருள் தலைசிறந்தவர் பிரெடரிக் பொல்லாக். பீப்பாய் வழக்கில் தீர்ப்பளித்த நீதிபதி அவருடைய பாட்டனாரே ஆவார்.

குடியும் கல்வியும்

பாட்டனாராகிய சர் ஜொனாத்தன் பிரெடரிக் பொல்லாக், சேணத் தொழிலர் ஒருவரின் மைந்தர். தம் கல்வித் திறத்தாலும் உழைப்பாலும் உயர்ந்து, எக்ஸ்செக்கர் என்னும் பழம்பெரும் மன்றத்தின் தலைமை நீதிபதியாக 22 ஆண்டுகள் விளங்கினார். அவருடைய மகன் வில்லியம் பிரெடரிக் பொல்லாக்கும் சட்டம் பயின்றவர். இத்தாலியப் பெருங்கவிஞர் தாந்தேயின் காவியத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த புலமையாளர். சட்டமும் இலக்கியமும் ஒருங்கே குடிகொண்டிருந்த அவ்வில்லத்தில், 1845-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10-ஆம் நாள், நம் பேராசிரியர் பிறந்தார்.

ஈட்டன் பள்ளியிலும், பின்னர்க் கேம்பிரிட்ஜுப் பல்கலைக்கழகத்து டிரினிட்டிக் கல்லூரியிலும் அவர் பயின்றார். கிரேக்கமும் இலத்தீனமும் அவருக்குத் தாய்மொழி போல் வாய்த்தன. அம்மொழிகளில் அவர் செய்யுள் இயற்றவும் வல்லவரானார். 1868-இல் அக்கல்லூரியின் ஆய்வுறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். ஏட்டை மட்டுமே உலகமென எண்ணியவர் அல்லர் அவர். ஆல்ப்ஸ் மலைமுடிகளில் ஏறுவதில் பெருவிருப்புடையவர், வாட்பயிற்சியில் தேர்ந்தவர், நெடுந்தொலைவு நடப்பதில் சலியாதவர். இத்தகைய பயிற்சிகளால் உரம் பெற்ற உடல், 91 ஆண்டுகள் அவருடைய அறிவுக்குத் துணைநின்றது.

1871-இல் லிங்கன்ஸ் இன் என்னும் சட்டக் கழகத்தின் வாயிலாக அவர் வழக்கறிஞரானார். அக்காலத்தில் சட்டக் கல்வி பெரும்பாலும் தொழிற்பழக்கமாகவே இருந்தது. மாணவன் மூத்த வழக்கறிஞர் ஒருவரின் அறையில் அமர்ந்து, ஆவணங்களைப் பார்த்தெழுதி, முன்னைத் தீர்ப்புகளை நினைவில் நிறுத்திக்கொள்வான். ஏன், எதனால் என்னும் வினாக்களுக்கு அங்கு இடம் குறைவு. பொல்லாக்கின் நற்பேறு, அவருக்கு வாய்த்த ஆசான்மார் அவ்வினாக்களை விரும்பியவர்களாக இருந்தனர். ஒருவர் நதானியேல் லிண்ட்லி. மற்றொருவர் நீதிபதி ஜேம்ஸ் ஷா வில்ஸ். சட்டம் மனப்பாடம் செய்யும் விதிகளின் குவியல் அன்று. ஒழுங்கும் காரணமும் உடைய ஓர் அறிவியல் என்னும் தெளிவை அவர்களிடமிருந்து அவர் பெற்றார்.

நூலாசிரியர்

வழக்கறிஞர் தொழிலில் பெரும்பொருள் ஈட்டும் நாட்டம் பொல்லாக்குக்கு இல்லை. அவர் உள்ளம் நூல் எழுதுவதிலேயே சென்றது. 1876-ஆம் ஆண்டில், தம் 30-ஆம் வயதில், ஒப்பந்தச் சட்டத்தின் கோட்பாடுகளை விளக்கும் பெருநூலை வெளியிட்டார். அடுத்த ஆண்டில் கூட்டாண்மைச் சட்டத்தைச் சுருக்கமாகவும் தெளிவாகவும் வகுத்தளித்தார். கூட்டுவாணிகம் பற்றி அவர் ஆயத்தம் செய்த சட்ட வரைவு, பத்தாண்டுக்கு மேல் காத்திருந்து, 1890-இல் இங்கிலாந்தின் கூட்டாண்மைச் சட்டமாக நிறைவேறிற்று. இந்தியாவில் 1932-இல் இயற்றப்பெற்ற கூட்டாண்மைச் சட்டமும் பெரும்பாலும் அதன் அடியொற்றியதே.

சட்டத்தோடு அவர் பணி நின்றுவிடவில்லை. இளமையிலேயே மறைந்த கணித அறிஞர் கிளிஃபோர்டு அவருடைய ஆருயிர் நண்பர். அவர் விட்டுச்சென்ற சொற்பொழிவுகளையும் கட்டுரைகளையும் லெஸ்லி ஸ்டீபன் என்பாருடன் சேர்ந்து 1879-இல் பொல்லாக் பதிப்பித்தார். மறுவாண்டில், ஸ்பினோசா என்னும் மெய்யுணர்வாளரின் வாழ்வையும் கொள்கையையும் பற்றி நூல் எழுதினார். பலவாகத் தோன்றும் பொருள்களுக்கு அடியில் ஒன்றைக் காண்பது மெய்யுணர்வாளர் இயல்பு. அவ்வியல்பு பொல்லாக்கின் சட்ட ஆராய்ச்சியிலும் இறுதிவரை விளங்கிற்று.

ஆக்ஸ்போர்டில்

1883-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகம் அவரைச் சட்டவியல் பேராசிரியராக அமர்த்தியது. அவ்விருக்கையில் அவருக்கு முன் அமர்ந்திருந்தவர் சர் ஹென்றி மெயின். இந்திய அரசாங்கத்தில் சட்ட உறுப்பினராக இருந்த மெயின், பண்டைச் சட்டங்களின் வரலாற்றை ஆராய்ந்து புகழ்பெற்றவர். அத்தகைய ஒருவர்க்குப் பின் வருதல் எளிய பொறுப்பன்று. பொல்லாக் அதனை 20 ஆண்டுகள் தாங்கினார்.

சொல்வன்மையால் மாணவர் கூட்டத்தை ஈர்க்கும் இயல்பு அவரிடம் இல்லை. அவர் மிகுதியாகப் பேசாதவர். ஆனால், எழுதுகோலைக் கையில் எடுத்தால் அவர் சொல் உலகெங்கும் சென்றது. 1885-இல் சட்ட ஆராய்ச்சிக்கென ஒரு காலாண்டிதழ் இலண்டனில் தோன்றியது. லா குவார்ட்டர்லி ரிவியூ என்னும் அவ்விதழின் முதல் ஆசிரியர் பொல்லாக்கே. 1919 வரை அதனை அவர் நடத்தினார். புதிதாக வெளிவரும் ஒவ்வொரு தீர்ப்பையும் அதில் ஆராய்ந்து, நல்லது நல்லது என்றும், பிழை பிழை என்றும் எழுதினார். உயர்ந்த மன்றத்தின் தீர்ப்பாயினும் அஞ்சியதில்லை. தாழ்ந்த மன்றத்தின் தீர்ப்பாயினும் இகழ்ந்ததில்லை. 1895 முதல் 1935 வரை, மன்றத் தீர்ப்புகளை ஆராய்ந்து அச்சிடும் தீர்ப்புத் தொகுதிகளின் தலைமைப் பதிப்பாசிரியராகவும் அவர் பணியாற்றினார். எத்தீர்ப்பு எதிர்காலத்துக்கு வழிகாட்டும், எது அன்றைய வழக்கோடு ஒழியும் எனப் பிரித்தறிதல் பெரும்பொறுப்பு. அப்பொறுப்பை 40 ஆண்டுகள் அவர் சுமந்தார்.

தீங்கியல் நூல்

பொல்லாக்கின் புகழுக்கு நிலைக்களமாக விளங்குவது 1887-இல் வெளிவந்த தீங்கியல் சட்ட நூல். மறைந்த ஆசான் வில்ஸின் நினைவைப் போற்றிய அவர், தம் நண்பரும் அமெரிக்க நீதிபதியுமாகிய ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸுக்கு எழுதும் கடிதமாக அந்நூலின் முகவுரையை அமைத்தார். அவ்விருவரும் 1874-இல் இலண்டனில் சந்தித்தவர்கள். அன்று தொடங்கிய கடிதப் போக்குவரத்து 1932 வரை, ஏறத்தாழ 60 ஆண்டுகள், கடலைக் கடந்து நிகழ்ந்தது. இளமையில் ஹோம்ஸ், தீங்கியல் ஒரு நூலுக்குரிய பொருளே அன்று எனக் கருதியவர். பின்னர்த் தம் கருத்தை மாற்றிக்கொண்டு, 1881-இல் வெளியிட்ட பொதுச்சட்டம் பற்றிய நூலில் அத்துறைக்குச் சிறந்த இடம் அளித்தார். நண்பர் இருவரும் கடலின் இருகரையிலும் நின்று ஒரே பொருளைத் தேடினர் எனலாம்.

அவர்கள் தேடிய பொருள் யாது? அதனை அறிய அக்கால நிலையை நோக்கவேண்டும். ஆங்கிலச் சட்டத்தில் ஒவ்வொரு தீங்குக்கும் தனித்தனி வழக்குமுறை இருந்தது. நிலத்தில் நுழைந்தவன்மீது தொடுக்கும் வழக்கு ஒருவகை. அவதூறு பேசியவன்மீது தொடுப்பது வேறுவகை. துன்புற்றவர் தம் துன்பம் ஏதேனும் ஒரு வகையில் அடங்குவதைக் காட்டவேண்டும். காட்டாவிடில் மன்றத்தின் கதவு திறவாது. காலத்தின் போக்கிலோ புதுப்புதுத் துன்பங்கள் தோன்றின. இருப்புப்பாதைகளும் ஆலைகளும் சுரங்கங்களும் பெருகின. முன்பின் அறியாத மனிதர் ஒருவரால் ஒருவர் ஊறுபடும் நிலை நாளும் வளர்ந்தது. பழைய பட்டியலில் இல்லாத துன்பத்தை அடைந்தவர் எங்கே செல்வது?

பொல்லாக் இதற்கு விடை கண்டார். தனித்தனியாகத் தோன்றும் தீங்குகளுக்கு அடியில் ஒரு பொதுக் கடமை உண்டு. நாகரிக நாட்டில் வாழும் ஒவ்வொருவரும், தக்க காரணமின்றிப் பிறர்க்கு ஊறு செய்யாதிருக்கக் கடமைப்பட்டவர். அக்கடமையை மீறி ஊறு விளைத்தவர், தமக்குச் சட்டம் ஏற்கும் காரணம் உண்டெனக் காட்டவேண்டும். இன்றேல் ஈடு செய்யவேண்டும். இதுவே அவர் நூலின் உயிர்க்கொள்கை. மணிகள் பல நிறத்தினவாயினும் கோத்த நூல் ஒன்றே என அவர் நிறுவினார்.

இன்னா செய்யாமை என ஓர் அதிகாரமே வகுத்த திருவள்ளுவரைக் கற்றோர்க்கு இக்கருத்துப் புதிதன்று. ஆயினும், ஒன்றை நினைவிற்கொள்ளல் வேண்டும். அறநூல் கூறும் கடமை மனச்சான்றைப் பொறுத்தது. அதனை மீறியவனை உலகம் பழிக்கும். சட்டம் கூறும் கடமையோ மன்றத்தைப் பொறுத்தது. அதனை மீறியவனிடமிருந்து பொருள் பெற்று, துன்புற்றவனுக்கு அளிக்கும். முன்னதனைப் பின்னதாக ஆக்குவது எளிதன்று. எங்கே வரம்பு கட்டுவது, எவ்வூறு மன்னிக்கத்தக்கது, எவ்வூறு ஈடு செய்யத்தக்கது என ஒவ்வொன்றாக அளந்து காணவேண்டும். அவ்வளவைப் பணியே பேராசிரியரின் பணி.

இக்கொள்கையை எல்லாரும் ஏற்றுக்கொண்டனர் அல்லர். நியூசிலாந்து நாட்டுப் பேரறிஞர் சர் ஜான் சால்மண்டு, 1907-இல் தாம் வெளியிட்ட தீங்கியல் நூலில், தீங்குகள் தனித்தனியானவை. அவற்றுக்குப் பொதுவிதி என ஒன்றில்லை என்று வாதிட்டார். அறிஞர் உலகம் இருபிரிவாயிற்று. பொல்லாக் மாற்றார் கூறுவதை இகழாமல், தம் நூலைப் பதிப்புத்தோறும் திருத்திச் செப்பம் செய்தார். 1887 முதல் 1929 வரை 13 பதிப்புகள் அவர் கையாலேயே வெளிவந்தன. பதின்மூன்றாம் பதிப்பு வெளிவந்தபோது அவருக்கு 83 வயது.

இந்தியாவுக்கு ஒரு வரைவு

பொல்லாக்கின் பணியில் நம் நாட்டோடு தொடர்புடைய பகுதி ஒன்று உண்டு. இந்தியாவில் குற்றச் சட்டம் 1860-லும், ஒப்பந்தச் சட்டம் 1872-லும் தொகுக்கப்பெற்றன. தீங்கியல் மட்டும் தொகுக்கப்படாமல் நின்றது. 1879-இல் அமைந்த சட்டக் குழு அதனையும் தொகுத்தல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாகப் பணியாற்றிய சர் சார்லஸ் டர்னர் அக்குழுவின் உறுப்பினருள் ஒருவர். இந்திய அரசாங்கத்தின் வேண்டுகோளை ஏற்ற பொல்லாக், 1886-இல் இந்திய உரிமையியல் தீங்குகள் பற்றிய சட்ட வரைவு ஒன்றை எழுதி முடித்தார். விதிகளை அடுத்து விளக்கங்களும் எடுத்துக்காட்டுகளும் அமைந்த அவ்வரைவு, சட்டம் கல்லாதாரும் ஓரளவு உணரும் தன்மையது.

ஆனால், அது சட்டமாகவில்லை. சட்டமன்றம் அதனை நிறைவேற்ற எடுத்துக்கொள்ளவே இல்லை. ஆண்டுக்கணக்கில் முயன்று எழுதிய பணி பயன்படாமற் போவதைக் காணல் எவர்க்கும் துன்பம் தரும். பொல்லாக் அவ்வரைவைக் குப்பையில் எறியவில்லை. தம் தீங்கியல் நூலின் பின்னிணைப்பாக அச்சிட்டு வைத்தார். என்றேனும் ஒருவர்க்குப் பயன்படும் என்னும் நம்பிக்கையே அதற்குக் காரணமாகும். இன்றளவும் இந்தியாவில் தீங்கியலுக்கெனப் பொதுவான சட்டத்தொகுப்பு இல்லை. ஊர்தி விபத்துப் போன்ற சிலவற்றுக்கு மட்டும் தனிச்சட்டங்கள் உள்ளன. எஞ்சியவற்றை நீதி, நேர்மை, நல்ல மனச்சான்று என்பவற்றைத் துணைக்கொண்டு மன்றங்களே முடிவு செய்கின்றன.

இந்தியச் சட்டத்தோடு அவர் கொண்ட தொடர்பு அதனோடு அறவில்லை. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் தாகூர் சட்டச் சொற்பொழிவுகளை 1894-ஆம் ஆண்டுக்கு ஆற்றும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. வஞ்சனை, பொய்யுரை, பிழையுணர்வு ஆகியவை பற்றிய இந்தியச் சட்டத்தை அவர் அவற்றுள் விளக்கினார். 1905-இல் பம்பாய்ச் சட்ட அறிஞர் தின்ஷா முல்லாவின் துணையுடன் இந்திய ஒப்பந்தச் சட்டத்துக்குப் பேருரை ஒன்றை வெளியிட்டார். பொல்லாக், முல்லா என்னும் இருபெயரும் இணைந்தே வழங்கும் அவ்வுரை, இன்றும் இந்திய மன்றங்களில் எடுத்துக்காட்டப்பெறுகின்றது.

ஏரி உடைந்த வழக்கு

இங்கிலாந்தில் லங்காஷயர்ப் பகுதியில் ஆலை முதலாளி ஒருவர் நீர்த்தேக்கம் ஒன்றை அமைத்தார். அதன் அடியில் கைவிடப்பட்ட பழஞ்சுரங்க வழிகள் இருந்தன. தேங்கிய நீர் அவ்வழியே பாய்ந்து அண்டையிலிருந்த நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. முதலாளியிடம் கவனக்குறைவு இல்லை. ஆயினும், தீங்கு செய்யத்தக்க பொருளைத் தன் நிலத்தில் கொண்டுவந்து வைத்தவன், அது வெளியேறினால் ஈடு செய்தே தீரவேண்டும் என்று பிரபுக்கள் சபை 1868-இல் முடிவு செய்தது. இவ்விதி அளவுக்கு மிஞ்சிய கடுமையுடையது என்பது பொல்லாக்கின் கருத்து.

இதனை அடுத்து அவர் நூலில் இடம்பெறும் வழக்கொன்று, அந்நாளைய சென்னை மாகாணத்தில் நிகழ்ந்தது. கார்வேட்டிநகரம் ஜமீனைச் சார்ந்த பழைய ஏரிகள் பெருவெள்ளத்தால் உடைந்து, இருப்புப்பாதையைச் சிதைத்தன. இருப்புப்பாதைக் குழுமத்தார் ஜமீன்தார்மீது வழக்கிட்டனர். லங்காஷயர் நீர்த்தேக்க விதி இங்கும் பொருந்தும் என்பது அவர்களின் வாதம். 1874-இல் இலண்டன் பிரிவி கவுன்சில் அவ்வாதத்தை ஏற்கவில்லை. தன் ஆலைக்கென ஒருவன் புதிதாகக் கட்டிய தேக்கம் வேறு. குடிமக்களின் வேளாண்மைக்காகத் தொன்றுதொட்டுக் காக்கப்பட்டுவரும் ஏரி வேறு. ஏரியைக் காப்பது ஜமீன்தாரின் உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும். ஆகவே, அவரிடம் கவனக்குறைவு இருந்தாலன்றி அவர் ஈடு செய்யவேண்டுவதில்லை என அம்மன்றம் தீர்த்தது. நாட்டின் இயல்பறிந்தே சட்டத்தைப் பொருத்தவேண்டும் என்பதற்கு இவ்வழக்குச் சிறந்த சான்று.

நண்பருக்கு உரிய பெருமை

ஞாயிறுதோறும் அறிஞர் சிலர் ஒன்றுகூடி இலண்டன் புறநகர்ப் பகுதிகளில் நெடுந்தொலைவு நடப்பர். லெஸ்லி ஸ்டீபன் 1879-இல் தொடங்கிய அக்குழுவில் பொல்லாக்கும், பிரெடரிக் வில்லியம் மெய்ட்லண்ட் என்னும் சட்ட வரலாற்றறிஞரும் இருந்தனர். மெய்ட்லண்ட் பொல்லாக்கைவிட 4 ஆண்டு இளையவர், நோயால் நலிந்த உடலினர், அறிவில் நிகரற்றவர். இருவரும் சேர்ந்து திட்டமிட்ட ஆங்கிலச் சட்ட வரலாறு 1895-இல் இரு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. மூத்தவராகிய பொல்லாக்கின் பெயரே முன்னர் நின்றது.

ஆனால், அந்நூலின் பெரும்பகுதியை எழுதியவர் மெய்ட்லண்டே. உலகம் அதனை அறியாமற் போயிருந்தாலும் வியப்பில்லை. பொல்லாக் முகவுரையிலேயே, ஆராய்ச்சியிலும் எழுத்திலும் மிகப்பெரும் பங்கு தம் நண்பருடையது என்பதைத் தம் கையொப்பமிட்டுத் தெளிவாக உரைத்தார். பிறர்க்கு உரியதைத் தமதென வைத்துக்கொள்ளுதலும் தீங்கே என்பதை நூலில் எழுதியவர், வாழ்விலும் மறந்திலர். மெய்ட்லண்ட் 1906-இல் காலமானார். நூலின் பெருமை அவருக்கு உரியது என்பதை இன்று அறியாத சட்ட அறிஞர் இல்லை.

மறுக்கப்பட்ட கருத்து

ஒருவர் கவனமின்றிச் செய்த செயலால் விளையும் கேடுகள் எல்லாவற்றுக்கும் அவர் பொறுப்பாளரா? அறிவுடைய ஒருவர் முன்கூட்டி உணரத்தக்க கேட்டுக்கு மட்டும் பொறுப்பாளரா? பீப்பாய் வழக்கில் தீர்ப்பளித்த பாட்டனார், 1850-ஆம் ஆண்டிலேயே பின்னதன் பக்கம் சாய்ந்து பேசியிருந்தார். பேரரும் தம் நூலில் அவ்வழியையே பின்பற்றினார்.

1917-இல் காசாபிளாங்காத் துறைமுகத்தில் கப்பலொன்றில் சரக்கிறக்கியோர், பலகை ஒன்றைக் கவனமின்றித் தவறவிட்டனர். அது கப்பலின் அடித்தளத்தில் விழுந்தது. அங்குப் பெட்ரோல் ஆவி பரவியிருந்தது. பலகை விழுந்த வேகத்தில் பொறி எழுந்து ஆவியைப் பற்ற, கப்பல் முழுவதும் எரிந்து அழிந்தது. பலகை விழுந்தால் கப்பலில் சிறு சேதம் நேரும் என்பதை எவரும் உணரலாம். தீப்பற்றும் என்பதை எவரும் உணர்ந்திரார். ஆயினும், நேர்விளைவாகிய அழிவு முழுவதற்கும் ஈடு செய்யவேண்டும் என மேல்முறையீட்டு மன்றம் 1921-இல் தீர்ப்பளித்தது. பொல்லாக் போற்றிய கொள்கை அதனால் வீழ்ந்தது.

அப்பொழுது அவருக்கு வயது 75. மன்றத்தை எதிர்த்து நிற்க அவரிடம் அதிகாரம் இல்லை. எழுதுகோல் ஒன்றே இருந்தது. அத்தீர்ப்பின் குறைகளை எடுத்துக்காட்டிக் காலாண்டிதழில் கட்டுரை எழுதினார். அவர் வாழ்நாளில் அத்தீர்ப்பு மாறவில்லை.

நத்தை வழக்கு

1928-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டுப் பெய்ஸ்லி நகரில், எளிய பெண்மணி ஒருவர் சிற்றுண்டிக் கடைக்குச் சென்றார். உடன்வந்த தோழர், அவருக்கு இஞ்சிப் பானம் ஒரு புட்டி வாங்கிக் கொடுத்தார். புட்டி உள்ளிருப்பது தோன்றாத நிறமுடையது. பாதி குடித்தபின் எஞ்சியதை ஊற்றியபோது, அழுகிய நத்தை ஒன்று வெளிவந்ததாக அப்பெண்மணி கூறினார். அதனால் நோயுற்றதாகவும் வழக்கிட்டார். விலை கொடுத்தவர் தோழராதலின், கடைக்காரர்க்கும் அப்பெண்மணிக்கும் ஒப்பந்தம் இல்லை. பானம் செய்தவர்க்கும் அவருக்கும் அறிமுகமே இல்லை. பழைய பட்டியலின்படி அவருக்கு வழியில்லை.

பிரபுக்கள் சபையில் வழக்கைக் கேட்ட நீதிபதிகள் ஐவர். 1932-இல், ஐவருள் மூவர் கருத்துப்படி, பானம் செய்தவர் அதனை அருந்துவோரிடம் கவனத்தோடிருக்கக் கடமைப்பட்டவர் என்று முடிவாயிற்று. நம் செயலால் ஊறுபடக்கூடியவர் என நாம் எண்ணிப் பார்க்கத்தக்கவர் எவரோ, அவர் எல்லாம் சட்டத்தின் கண்ணில் நம் அயலாரே என அட்கின் பிரபு விளக்கினார். வழக்குப் பின்னர்ச் சமரசத்தில் முடிந்தமையால், நத்தை உண்மையில் இருந்ததா என்பது மெய்ப்பிக்கப்படவேயில்லை. ஆயினும், அக்காணாத நத்தையால் உலகெங்கும் எண்ணற்றோர் நீதி பெற்றனர். 87 வயது முதியவராகிய பொல்லாக், அத்தீர்ப்பை வரவேற்று 1933-இல் கட்டுரை எழுதினார். 1887-இல் தாம் கூறிய பொதுக்கடமையின் ஒரு கூற்றை மன்றமே ஏற்றதைக் காணும் பேறு அவருக்குக் கிட்டியது.

நிறைவு

1911-இல் பிரிவி கவுன்சில் உறுப்பினராகும் சிறப்பு பொல்லாக்குக்குக் கிடைத்தது. 1933-இல் தம் பேரனுக்கென இளமை நினைவுகளை நூலாக எழுதினார். 1937-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 18-ஆம் நாள் இயற்கை எய்தினார்.

அவர் மறைந்து 24 ஆண்டுகள் கழிந்தன. சிட்னித் துறைமுகத்தில் கப்பலொன்றிலிருந்து சிந்திய எண்ணெயால் விளைந்த தீவிபத்து வழக்கை, பிரிவி கவுன்சில் 1961-இல் விசாரித்தது. முன்கூட்டி உணரத்தக்க கேட்டுக்கே ஒருவர் பொறுப்பாளர் என்று கூறி, 1921-ஆம் ஆண்டுத் தீர்ப்பை அது ஏற்க மறுத்தது. பாட்டனார் சொல்லிப் பேரர் காத்த கருத்து, இருவரும் மறைந்தபின் வென்றது.

எல்லாவற்றிலும் அவர் கருத்தே வென்றது என்பதற்கில்லை. 1985 டிசம்பரில் டில்லியில் ஆலையொன்றிலிருந்து ஓலியம் என்னும் நச்சு வளி கசிந்தது. அதற்கு முந்திய ஆண்டில்தான் போபாலில் நச்சுவளியால் பல்லாயிரவர் மாண்டிருந்தனர். 1986 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம், இடர்மிக்க தொழிலை நடத்துவோர் அதனால் விளையும் கேட்டுக்கு, எவ்வித விலக்குமின்றி, முழுப்பொறுப்பாளர் என்று தீர்ப்பளித்தது. லங்காஷயர் நீர்த்தேக்க விதியே மிகக் கடுமை எனக் கருதினார் பொல்லாக். அதனினும் கடுமையான விதி இந்தியாவுக்கு வேண்டியதாயிற்று. நாட்டின் நிலைக்கேற்பச் சட்டம் வளரும் என்பதனைக் கார்வேட்டிநகரம் ஏரி வழக்கிலேயே உணர்ந்தவர் இதனையும் உணர்வர்.

பொல்லாக் பேரரசை ஆண்டவர் அல்லர். படை நடத்தியவர் அல்லர். உயர்மன்ற நீதிபதியாக அமர்ந்தவரும் அல்லர். அவர் இயற்றிய வரைவைச் சட்டமாக்குவார் இல்லை. அவர் காத்த கருத்தை மன்றம் ஒருகால் தள்ளியது. எனினும், தாம் உண்மையெனக் கண்டதைத் தெளிவாக எழுதி வைத்தார், பிறர் எழுதியதற்கு உரிய பெருமையைப் பிறர்க்கே அளித்தார், பொறுமையோடு காத்திருந்தார். வழியில் செல்வோர் ஒருவர், தாம் அறியாத ஒருவரின் கவனக்குறைவால் துன்புற்று மன்றத்தின் வாயிலை அடையும்போது, அக்கதவு இன்று திறக்கின்றது. அதனைத் திறக்க உழைத்த கைகளுள் ஒன்று, ஆக்ஸ்போர்டில் அமைதியாக அமர்ந்து எழுதிய இப்பேராசிரியருடையது.